சாமி மார்பில் இருபத்திரண்டு தகடு

பிக்-லானின் புருஷன் கடலில் செத்ததற்குக் கிடைத்த பணத்தை அரசாங்கம் முடக்கிப்போட்டு மூன்று வருஷமாகிவிட்டது. முப்பத்தொரு லட்சம் டாலர். உடம்பு கிடைக்காமல், வெறும் சட்டையை வைத்துக் காரியம் செய்து, கப்பல் கம்பெனிக்காரனோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய பணம். வாங்கிவிட்டாளே தவிர, தொட மனசு வரவில்லை. கணக்கிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

தம்பி திங்-காய் ஒருநாள் வந்தான். படகு இன்ஜினுக்குக் கடன் வாங்கவேண்டும், ஜாமீனுக்குக் காட்ட உன் வங்கிப் புத்தகமும் கார்டும் ஒரு வாரத்துக்கு வேண்டும் என்றான். அம்மா செத்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கொடுத்தாள். அவன் அதைக் கொண்டுபோய் விலாங்கிடம் கொடுத்தான்.

விலாங்கு என்பது அந்தத் துறைமுக ஊரில் வெய் தெங்-ருய் என்பவனுக்கு இருந்த பெயர். எந்தப் போலீஸ் பிடியிலிருந்தும் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்பதால் அப்படி. தொழில் என்ன என்கிறீர்கள்? போனில் கிழவன் கிழவிகளைக் கூப்பிட்டு, உன் பேரில் வழக்கு இருக்கிறது, உன் சேமிப்பை இந்தப் பத்திரமான கணக்குக்கு மாற்று என்று மிரட்டுவது. அந்தப் பத்திரமான கணக்குதான் பிக்-லானுடையது. அறுபத்துநாலு பேருடைய பணம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தபோது வங்கிக்காரன் விழித்துக்கொண்டு கணக்கை முடக்கினான். திருட்டுப் பணமும் செத்தவன் பணமும் ஒன்றாக உள்ளே மாட்டிக்கொண்டன.

போலீஸ் பிடித்ததும் திங்-காய் வாக்குமூலம் கொடுத்தான்: அக்காதான் கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தாள், நான் சும்மா கூடப் போனேன். காகிதத்தில் கட்டைவிரலும் வைத்தான். பிக்-லானுக்கு ஆறு மாச தண்டனை, நல்லபடி நடந்துகொண்டால் உள்ளே போகவேண்டாம் என்று தீர்ப்பு. கணக்கிலிருந்த மொத்தமும் குற்றத்தில் வந்த பணம் என்று எழுதிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை அதை அந்த அறுபத்துநாலு பேருக்கும் பங்குபோடுவதாக இருந்தது. விலாங்கோ ஜாமீனில் வெளியே வந்து, கோயில் திருவிழாவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

சொத்து மீட்புப் பிரிவிலிருந்து கோங் என்ற பெண் அதிகாரி வியாழக்கிழமை மீன் ஏலக்கூடத்துக்கு அவளைத் தேடி வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு பை. பிக்-லான் ஆளுயரச் சூரைமீனைக் கொக்கியால் இழுத்துப்போட்டுத் தலையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு விஷயம் வேணும் அத்தை," என்றாள் கோங், ரத்தத்தில் கால் படாமல் நின்றபடி. "அந்தக் கிழவங்களுக்குக் குடுக்க விலாங்கோட சொத்து ஏதாவது சிக்கணும். அப்பத்தான் உங்க கணக்குல கை வைக்க மாட்டாங்க. ரெண்டாவது, உங்க புத்தகத்தை ஏமாத்தித்தான் வாங்கினாங்கன்னு யாராவது சொல்லணும்."

"யாராவதுன்னா?"

"உங்க தம்பிதான்."

"அந்த நாயி பேரை எடுக்காத. மொதல்ல சொத்தைச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல. வீடு அவன் அத்தை பேர்ல. காரு டிரைவர் பேர்ல. படகு செத்துப்போனவன் ஒருத்தன் பேர்ல. அவன் பேர்ல ஒரு சைக்கிள்கூட இல்ல. கோர்ட்ல உத்தரவு வாங்கி வெச்சிருக்கேன், வெய் தெங்-ருய் பேர்ல என்ன கெடைச்சாலும் முடக்கலாம்னு. அந்தப் பேர் எங்கயும் இல்ல."

பிக்-லான் வெட்டுவதை நிறுத்தினாள். "சாமிகிட்ட யார் பேரைச் சொல்லியிருப்பான்?"

கோங்குக்குப் புரியவில்லை. அவள் தலைநகரத்துக்காரி. அந்த ஊரில் சாமி முன்னால் நின்றால் பெயர், பிறந்த நாள், நேரம், தெரு, கதவு எண் எல்லாம் ஒப்பித்துவிட்டுத்தான் வேண்டுதலையே ஆரம்பிப்பார்கள். ஒன்று தப்பினாலும் வரம் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிடும். காணிக்கைத் தங்கத் தகட்டிலும் அதெல்லாம் பொறிப்பார்கள். எழுத்துப் பக்கம் சாமியின் மார்பைப் பார்த்து இருக்கும், மழமழப் பக்கம் வெளியே இருக்கும். எழுதியதைப் படிக்கவேண்டியவர் சாமிதானே, ஊர்க்காரன் எதற்குப் படிக்கவேண்டும்?

ஏழு வருஷத்துக்கு முன் விலாங்கு கடல் சாமிக்கு இருபத்திரண்டு தகடு சாத்தியிருந்தான், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கடலுக்குப் போகிற இருபத்திரண்டு குடும்பத்துக்கு ஆளுக்கொன்று, அவரவர் வீட்டு ஆம்பளை பெயரிலேயே என்று மைக்கில் அறிவித்தான். ஊரே காலில் விழுந்தது. அந்த நன்றிக்காகத்தான் அவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, பையன்களைக்கூட அவனிடம் வேலைக்கு அனுப்பினார்கள். பிக்-லானும் விழுந்தவள்தான். ஒரு தகடு அவள் புருஷன் மாவ்-சுன் பெயரில் என்று சொல்லியிருந்தான்.

"அவன் தன் பேரைத்தான் வெட்டியிருப்பான்," என்றாள் பிக்-லான். "அவ்வளவு தங்கத்தைக் குடுத்துட்டு வரத்தை இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்புற மூஞ்சியா அது?"

"சாமிக்குக் குடுத்துட்டாலும் பரவால்ல. திருட்டுக் காசுல வாங்கி இனாமா குடுத்தது யார்கிட்ட இருந்தாலும் முடக்கலாம். ஆனா பேரைக் கண்ணால பாக்கணும். பாக்காம நான் சாமி மேல கை வெச்சா ஊர்க்காரங்க என்னை உப்புக்கண்டம் போட்டுருவாங்க." கோங் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் பேர் அதுல நெசமாவே இருந்தா?"

பிக்-லான் வெட்டிய தலையைத் தூக்கிக் கூடையில் போட்டாள். இருந்தால் பணம் போச்சு. இல்லாவிட்டால், மாவ்-சுன் கடைசிப் பயணம் போனபோது சாமியிடம் அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

வருஷம் முழுக்கத் தகடுகள் கோயில் இரும்புப் பெட்டியில் இருக்கும். சாவி விலாங்கின் தாய்மாமனிடம். சாமி பிறந்தநாளில் மட்டும் எல்லாவற்றையும் சாத்திப் பல்லக்கில் துறைமுகத்தைச் சுற்றிவருவார்கள். அந்தப் பிறந்தநாள் சனிக்கிழமை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பல்லக்கு ஏலக்கூடத்து வாசலுக்கு வந்தது. சரவெடிப் புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. முன்னால் சாமியாடி ஆடிக்கொண்டு வந்தான். வேளா மீனின் மூக்கிலிருக்கும் ரம்பம் மாதிரியான முள்வாளால் தன் முதுகைத் தானே கிழித்துக் கிழித்து, இடுப்புத் துணி வரைக்கும் சிவப்பு. அவனுக்குப் பின்னால் விலாங்கு ஊதுபத்தியோடு நடந்தான், பாக்கு மென்ற வாயும் பட்டுச் சட்டையுமாக. எட்டுப் பேர் பல்லக்கைத் தூக்கிக் குலுக்கினார்கள். முன்பக்கம் இடது கொம்பைப் பிடித்திருந்தவன் திங்-காய். இப்போதும் விலாங்கிடம்தான் சோறு தின்கிறான். மூன்று வருஷமாக அவள் கண்ணில் படாமல் திரிந்த தம்பி, இதோ ஐந்தடி தூரத்தில்.

கோங் இரண்டு போலீஸ்காரர்களோடு ஐஸ் கம்பெனி வாசலில் நின்றாள். போலீஸ்காரர்கள் இருவரும் உள்ளூர். சாமியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்கள். அவர்களை நம்பி ஒன்றும் ஆகாது.

பிக்-லான் ரப்பர் பூட்சோடு வெளியே வந்தாள். கையில் சூரைமீன் கொக்கி. பல்லக்குக் கொம்புக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். அந்த ஊரில் எந்தப் பொம்பளையும் அந்தப் பல்லக்கில் விரல்கூட வைத்ததில்லை. அவள் மீன் ரத்தக் கையை நேராகச் சாமியின் மார்பில் விட்டாள்.

முதல் அடி முதுகில் விழுந்தது. மொட்டை என்று ஒரு அடியாள், மூங்கில் கழியால் விளாசினான். இரண்டாவது அடி தோள்பட்டையில். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தகட்டின் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள், அது வரவில்லை. மொட்டை அவள் விலாவில் உதைத்தான். ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது. அவன் மறுபடி காலைத் தூக்கியபோது தொடையைக் கவ்விக் கடித்தாள். வாயில் துணியோடு சதையும் வந்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டு விழுந்தான்.

"பொம்பளை தொட்டுட்டா, தீட்டாயிடுச்சு," என்று கூட்டம் கத்தியது. யாரோ ஒரு கிழவன் அவள் தலையில் துப்பினான்.

விலாங்கு அவசரப்படவில்லை. பாக்கைத் துப்பிவிட்டுச் சொன்னான், "திங்-காய், இந்த மீன்காரி ஒன் அக்காதானே? உயிரோட வேணும்னா இழுத்து அந்தப் பக்கம் போடு. வேணாம்னா சொல்லு, நானே பாத்துக்குறேன்."

திங்-காய் ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் அவள் தலைமயிரைப் பிடித்தான். "வந்துரு அக்கா. கொன்னுருவாங்க. வந்துரு."

மூன்று வருஷக் கோபம். அவன் கை தலைமயிரில் பட்டதும் பிக்-லானுக்குக் கண் இருட்டிவிட்டது. கொக்கியைத் திருப்பி, அதன் இரும்புப் பூண் போட்ட கட்டைப் பக்கத்தால், கொம்பைப் பிடித்திருந்த அவன் வலது கையில் ஓங்கி அடித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. விரல் எலும்புகள் நொறுங்கின. அந்தக் கட்டைவிரலால்தானே என்னைத் திருடி என்று எழுதிக்கொடுத்தாய் என்று அடிக்கு அடி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கொம்பு அவன் தோளிலிருந்து நழுவியது. முன்பக்கம் சரிய, பின்னால் இருந்தவர்களால் தாங்க முடியவில்லை. பல்லக்கு கவிழ்ந்தது. முந்நூறு வருஷத்துச் சாமி, ஏலக்கூடத்து ஈரத் தரையில், மீன் ரத்தத்தில், குப்புற விழுந்தது.

வெடிச் சத்தம் நின்றது. கொட்டு நின்றது. சாமியாடி மேலிருந்த சாமி மலையேறிவிட்டது போலிருக்கிறது, வாளைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். சங்கிலி அறுந்து தகடுகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தன.

பிக்-லான் முழங்காலில் ஊர்ந்துபோய் ஒன்றை எடுத்தாள். ரத்தத்தை முழங்கையால் துடைத்தாள். வெய் தெங்-ருய். பிறந்த நாள். பிறந்த நேரம். கலங்கரைத் தெரு, மூன்றாம் சந்து, பன்னிரண்டு. அடுத்ததை எடுத்தாள். வெய் தெங்-ருய். அடுத்ததும் அவன்தான். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனாள். பணத்தை மறந்துவிட்டாள். மாவ்-சுன் பெயரைத்தான் தேடினாள். எப்படியாவது ஒன்றில் இருந்துவிடாதா என்று தேடினாள். பதினேழாவது தகட்டில் அழுகை வந்துவிட்டது, மீதி ஐந்தையும் விடாமல் பார்த்தாள். அந்த மனுஷன் புயல் நாளில் கப்பலேறும்போது, நம்ம பேர்தான் சாமி நெஞ்சுல இருக்கே, நீ எதுக்குப் பயப்படுறே என்று சிரித்துவிட்டுப் போனவன்.

"என் புருஷன் பேரு இதுல இல்ல," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. "யார் பேரும் இல்ல. இருபத்திரண்டுலயும் இவன் பேருதான்."

வலை பின்னுகிறவள் ஒருத்தி ஓடிவந்து ஒரு தகட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு மகன்கள் கடலில். இன்னொருத்தன் எடுத்தான். இன்னொருத்தன். விலாங்கு பின்வாங்க ஆரம்பித்தான். "அச்சு வெட்டுனவன் பண்ணின தப்பு," என்றான். "தட்டானைக் கேளுங்க. மாத்தித் தரச் சொல்றேன்." அவன் முகத்தில் முதல் தடவையாக வேர்வையைப் பார்த்தார்கள்.

முதலில் அடித்தவன் சாமியாடிதான். சாமி அடித்ததா அவன் அடித்ததா என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு. அவன் தம்பி பெயரும் ஒரு தகட்டில் இருப்பதாகச் சொல்லப்பட்டது, அந்தத் தம்பியும் கடலிலிருந்து திரும்பவில்லை, அதனால் எனக்கென்னவோ அவனே அடித்ததாகத்தான் தோன்றுகிறது. முள்வாள் விலாங்கின் கன்னத்தைத் திறந்தது. பல் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு கை வைக்காதவன் பாவி. கழி, ஐஸ் உடைக்கிற கம்பி, மீன் கூடை, செருப்பு. மொட்டை நொண்டிக்கொண்டே ஓடிவிட்டான். போலீஸ்காரர்கள் இருவரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

கோங் கூட்டத்துக்குள் பாய்ந்து விலாங்கின் மேல் குப்புற விழுந்தாள். அவள் முதுகிலும் நாலு அடி விழுந்தது. "அத்தை, தடுங்க இவங்களை," என்று அலறினாள். "செத்தவன் மேல தீர்ப்பு எழுத முடியாது. இவன் செத்தா வழக்கு இழுத்துக்கிட்டே போகும், திங்கட்கிழமை உங்க பணத்தைப் பிரிச்சுருவாங்க."

பிக்-லான் கொக்கியோடு நடந்து வந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. விலாங்கு ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான், இன்னொன்று மூடிக் கிடந்தது. கொக்கி நுனியை அவன் தொண்டைக் குழியில் வைத்தாள். சூரைமீனுக்கு எந்த இடத்தில் குத்தினால் ஒரே குத்தில் அடங்கும் என்று முப்பது வருஷமாகத் தெரிந்தவள். ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன். கை அழுத்தவும் ஆரம்பித்துவிட்டது.

"அத்தை," என்றாள் கோங், அவன் மேலிருந்து விலகி உட்கார்ந்தபடி.

அவள் கொக்கியை எடுத்தாள். ஆத்திரம் அடங்காமல் அவன் வயிற்றில் பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்றுவிட்டு இறங்கினாள். "போதும்," என்றாள் கூட்டத்திடம். "சாமியைத் தூக்குங்க."

அரைமணி நேரத்தில் கோங் இருபத்திரண்டு தகட்டையும் படமெடுத்து, பையில் போட்டு, சீல் வைத்துவிட்டாள். தகட்டிலிருந்த முகவரியால் கலங்கரைத் தெரு வீடும் சிக்கியது. அப்படி ஒரு வீடு அவனுக்கு இருப்பதே சாமியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆம்புலன்ஸ் வந்து விலாங்கை அள்ளிக்கொண்டு போனது.

திங்-காய் ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். வலது கை புரோட்டா மாவு மாதிரி உப்பியிருந்தது. கோங்கும் பிக்-லானும் அவன் முன்னால் வந்து நின்றார்கள்.

"அந்தக் கிழவங்களுக்கு வழி பொறந்துடுச்சு," என்றாள் கோங். "ஆனா நீங்களேதான் கமிஷனுக்காகப் புத்தகத்தைக் குடுத்தீங்கன்னு இவர் எழுதின காகிதம் அப்படியே இருக்கு அத்தை. அது இருக்கிற வரைக்கும் உங்க கணக்கு அவிழாது."

பிக்-லான் விலாவைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "ஏன்டா?" என்றாள். மூன்று வருஷமாகக் கேட்க நினைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "கணக்கு ஓடுற வரைக்கும் நான் ஓடிடக் கூடாதுன்னு ஓட்டல் ரூம்ல பூட்டி வெச்சாங்க. ஒம்போது நாளு. முடங்கிடுச்சுன்னு தெரிஞ்சதும் கட்டிலோட கட்டிட்டாங்க. மாட்டினா அக்கா குடுத்தான்னு சொல்லணும், சொல்வியான்னு கேட்டுக் கேட்டு கால் நகத்தைப் புடுங்கினாங்க. ஆறு புடுங்கினாங்க அக்கா. ஏழாவதுக்குக் குறடை வெச்சதும் சரின்னுட்டேன்."

அவள் அவன் காலை இழுத்து, ரப்பர் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு திரும்ப மாட்டிவிட்டாள்.

"என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்னடா?"

"நாலு தடவை வந்தேன். நீ கதவைத் திறக்கல."

"திறந்திருக்க மாட்டேன்தான்," என்றாள் அவள். அது நிஜம். திறந்திருந்தால் அன்றைக்கே வெட்டியிருப்பாள்.

"இப்ப மாத்திச் சொன்னா எத்தனை வருஷம்?" என்று கோங்கைக் கேட்டான் திங்-காய்.

"மோசடிக்கும் பொய் வாக்குமூலத்துக்கும் சேத்து ரெண்டு, மூணு இருக்கும். குறைக்கச் சொல்லி நான் எழுதுவேன். ஆனா சத்தியம் பண்ண முடியாது."

"உள்ள பூரா அவன் ஆளுங்க."

"ஆமா," என்றாள் கோங். பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கு நல்ல பெண்.

திங்-காய் அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்வாள், சின்ன வயசில் எல்லா அடியையும் தான் வாங்கிக்கொண்ட மாதிரி இதையும் வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்திருப்பான். பிக்-லானுக்கு நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. உடம்பில்லாமல் காரியம் செய்த மாவ்-சுன் சட்டையும் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"எழுதுங்க," என்றான் அவன் கடைசியில். "நான்தான் எடுத்தேன். கடன்னு பொய் சொல்லி எடுத்தேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

கோங் பையிலிருந்து காகிதம் எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. சிவப்பு மைப் பெட்டியைத் திறந்தவள் அவன் கையைப் பார்த்துத் தயங்கினாள். "பழைய காகிதத்துல வலது கட்டைவிரல் இருக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் அதே விரல் வேணும். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, வீக்கம் வத்துனதும் வெச்சுக்கலாம்."

வீக்கம் வற்றுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலிலேயே விலாங்கின் ஆட்கள் நிற்பார்கள். இது மூவருக்கும் தெரிந்தது.

திங்-காய் வலது கையை நீட்டினான். "நீயே புடிச்சு அழுத்து அக்கா. எனக்குத் தைரியம் வராது."

பிக்-லான் அந்தக் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உடைத்தவள் அவள்தான், எந்த எலும்பு எங்கே போயிருக்கிறது என்று தடவியே தெரிந்தது. கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்தினாள். அவன் அலறிய அலறலில் ஏலக்கூடத்துக்குள் இருந்தவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். ரேகை தெளிவாக விழுகிற வரைக்கும் அவள் விடவில்லை. கண்ணீர் மூக்கில் வழிய, அதைத் துடைக்கக் கை இல்லாமல், அடுத்த காகிதத்தை நகர்த்தச் சொல்லி கோங்குக்குத் தலையாட்டினாள்.

"இன்னும் ரெண்டு இருக்குடா," என்றாள்.